பழைய ஃபோர் வீல் டிரைவ்: எதில் முதலில் கை வைப்பது?

மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது அதை உயர்த்துவதுதான். நான்கு அங்குல லிஃப்ட், ராட்சத டயர், கூரையில் நாலு விளக்கு. பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் முதல் சேற்றிலேயே குறுக்கு மூலையில் இரண்டு சக்கரங்கள் சும்மா சுழல, வண்டி அசையாமல் நிற்கும். இல்லாவிட்டால் ஒரு பாறை ஏற்றத்தில், ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யூஜே கிராஸ் (கோணத்திலும் சுழல விடும் மூட்டு) தெறித்துவிடும். வண்டியை நகர்த்துவது டயரின் பிடிப்பும், மெதுவாக ஊர வைக்கும் கியரும். அதனால் காசு குறைவாக இருப்பவர் செலவழிக்க வேண்டிய வரிசையே வேறு: சேஸிஸ், எண்ணெயும் சீல்களும், பிரேக், டயர், இழுக்கும் கொக்கிகள், அடித்தகடு, லாக்கர் (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்தே சுழல வைப்பது) அல்லது லோ கியர். லிஃப்ட் இவை எல்லாவற்றுக்கும் பிறகு, அதுவும் கொஞ்சமாக.

கணக்குச் சொல்ல ஒரு வண்டி வேண்டும் என்பதால் சுசுகி எஸ்ஜே413 குடும்பத்தை (சாமுராய், ஜிப்சி) எடுத்துக்கொள்வோம். ஏணி போன்ற லேடர் சேஸிஸ், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், இரண்டு முனையிலும் முழு ஆக்சில், தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல், மெதுவாக ஊர்வதற்கான லோ ரேஞ்ச். இதே அமைப்பில் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் கீழே சொல்வது பொருந்தும். எண்கள்தான் மாறும்.

வாங்கும் முன்

இன்ஜின் புகைகிறதா என்று பார்ப்பதற்கு முன் தரையில் படுங்கள். இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம். துருவில் கரைந்த சேஸிஸை மாற்றுவது வேறொரு வண்டி வாங்குவதற்குச் சமம். சின்னச் சுத்தியலால் சேஸிஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பின் ஸ்பிரிங் மாட்டும் ஹேங்கர், ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் தகடு) தொங்கும் இடம், பாடி மவுண்ட்டுகள், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் செய்யப்பட்ட பகுதி ஆகிய நான்கையும் விடாதீர்கள். கடைசியாகச் சொன்ன இடத்தில் துருவை விட விரிசல்தான் ஆபத்து. ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து பார்த்தால் விரிசல் வாய் திறந்து மூடுவது தெரியும். அடியில் மட்டும் புதிதாகக் கருப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அரித்த இடம் சிறிதாக இருந்தால் சரி செய்யலாம். நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்து, மேலே ஓர் ஒட்டுத் தகடு போட வேண்டும். அந்த ஒட்டுத் தகட்டைச் சாய்சதுரமாக வெட்டுங்கள். சேஸிஸுக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்டிங் ஓடினால், வண்டி முறுகும்போது விரிசல் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே ஆரம்பிக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவதும், எர்த் கிளாம்ப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுவதும் கட்டாயம். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் உருளைகளைப் பொசுக்கிவிடும்.

பழைய வண்டிகளில் அடிக்கடி தப்பிவிடும் ஒரு விஷயம், முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே கியர் விகிதத்தில் இருக்கின்றனவா என்பது. முன்பு யாரோ கிடைத்த டிஃப்ரன்ஷியலை (ஆக்சிலில் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர் தொகுதி) போட்டு ஓட்டியிருக்கலாம். டூ வீலில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். சோதிப்பது சுலபம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் டிஃப்ரன்ஷியல் 10 சுற்றுதான் சுற்றும். 3.73 விகிதமானால் ஷாஃப்ட் 37 சுற்றுக்குச் சற்று மேலே சுற்றியிருக்கும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டூ வீலிலேயே விட்டு, முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஃப்ரீ வீல் ஹப்பைப் பூட்டி முன்னாலும் இதையே செய்தால் இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

எண்ணெய், சீல், பிரேக்

இது யாருக்கும் பிடிக்காத வேலை. படம் எடுத்துக் காட்ட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் காட்டுக்குள் வண்டி நின்றுபோவது பெரும்பாலும் இங்கே விட்ட குறையால்தான்.

இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃப்ரன்ஷியல் எல்லாவற்றிலும் எண்ணெயை மாற்றுங்கள். டிரெயின் பிளக்கைக் கழற்றும் முன் ஊற்றும் பக்கத்துப் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை வடித்துவிட்டு மேல் பிளக் துருவில் இறுகிக் கிடந்தால் வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும். வடிந்த எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. காந்தப் பிளக்கில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். நகக்கீற்று அளவில் இரும்புச் செதில்கள் வந்தால் திறந்து பார்த்தே ஆக வேண்டும். டிஃப்ரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரமுள்ள 80டபிள்யூ-90. பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்டு வாங்குங்கள்.

முன் ஆக்சிலின் முனையில் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளைப் பாருங்கள். உருண்டையான அந்தக் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் கெட்டியான கிரீஸ் லேசாகப் படிந்திருந்தால் பரவாயில்லை. நீர்த்த கருப்புக் கூழாக வழிந்தால் உள்ளே ஆக்சில் சீல் போய், டிஃப்ரன்ஷியல் எண்ணெய் நக்கிளுக்கு வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. வெளியே உள்ள வைப்பர் சீலை மட்டும் மாற்றுவது வீண் வேலை, மறுபடி வழியும். உள் சீல், வெளி சீல், நக்கிள் திரும்ப உதவும் கிங்பின் பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள், எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறீர்கள். கிங்பின் பேரிங் தளர்ந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கையை உதறும். பலர் ஸ்டீயரிங் டேம்பர் வாங்கிப் போட்டு அதை மறைப்பார்கள். பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகட்டை மேலும் கீழும் சமமாகக் குறைத்து, டை ராட் மாட்டும் துளையில் வில் தராசை மாட்டி இழுத்து, மேனுவலில் உள்ள அளவு வருகிறதா என்று பார்ப்பதுதான் சரியான வைத்தியம்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களை மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் தூக்கி எறியுங்கள். பின்னால் லிஃப்ட் செய்யும் எண்ணம் இருந்தால் ஹோஸை இப்போதே சற்று நீளமாக வாங்கிவிடலாம்.

டயர்

கையில் இருக்கும் காசில் பெரும் பங்கை இங்கே போடுங்கள். ஆக்சிலில் தொங்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டையைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டுமே. ஸ்பிரிங்கை எவ்வளவு மாற்றினாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. சாமுராயின் 205/70ஆர்15 டயரின் உயரம் 668 மி.மீ. அதற்குப் பதில் 235/75ஆர்15 போட்டால் 733 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, அதாவது சுமார் 33 மி.மீ., டிஃப்ரன்ஷியலுக்குக் கீழே கிடைக்கும்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. டயர் கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிதானதால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 88-ல் போகும். மேட்டில் நான்காவது கியர் திணறும். இன்னும் பெரிய டயர் போட ஆசைப்பட்டால் கியர் விகிதத்தையும் மாற்ற வேண்டிவரும். சிறிய இன்ஜின் வண்டிக்கு 235/75 ஒரு நல்ல எல்லை.

பெரிய டயர் எங்கே உரசும் என்பதைத் தரையில் நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாது. ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, ஃபெண்டர் விளிம்பிலும் ஸ்பிரிங்கிலும் சேஸிஸிலும் உரசுகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கில் உரசினால் ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டைச் சற்று வெளியே திருகலாம், திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும். ஃபெண்டரில் உரசினால் வெட்டுங்கள். லிஃப்ட் செய்வதை விட ஃபெண்டர் வெட்டுவது மலிவு, வண்டியின் எடை மையமும் மேலே போகாது. வெட்டுவதற்கு முன் உள் விளிம்பைச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் அதுவே போதும். வெட்டினால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப்போன டயர் ஈரப் பாறையில் வழுக்கும்.

காற்றைக் குறைப்பது செலவில்லாத மாற்றம். ஒரு டன் எடையுள்ள வண்டிக்குச் சாலையில் 26 பிஎஸ்ஐ என்றால், கல்லும் மண்ணுமான பாதையில் 18, பாறையில் 15, மணலில் 12 முதல் 14. காற்று குறையும்போது டயர் தரையைத் தொடும் பரப்பு முக்கியமாக நீளவாக்கில் கூடும், ரப்பர் பாறையின் மேடு பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். 12-க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மில் சரிவில் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்ப அடிக்கும் வசதி கையில் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். தளர்ந்த டயரோடு வேகமாகச் சாலையில் ஓடினால் பக்கச் சுவர் சூடாகி உரிந்துவிடும்.

உயரம்

40 முதல் 50 மி.மீ. லிஃப்ட் போதும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் இன்னொரு பாகத்தை மாற்றச் சொல்லும்.

மலிவான வழி நீளமான ஷேக்கிள். 50 மி.மீ. நீட்டினால் வண்டி 25 மி.மீ. தான் உயரும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டும்தான் இறங்குகிறது. முன் ஸ்பிரிங்கின் முன்முனையில் ஷேக்கிள் உள்ள வண்டிகளில் இதனால் ஆக்சில் சுழன்று காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் தானாக நேராகாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே 2 முதல் 4 டிகிரி ஆப்புத் தகடு வைத்துக் காஸ்டரை மீட்கலாம். ஆனால் அப்போது ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முனையும் சேர்ந்து கீழே திரும்பும், ஷாஃப்ட் கோணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பு இரும்பில் இருக்கட்டும். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கி, ஸ்பிரிங்கையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட் தளர்ந்துவிடும்.

ஸ்பிரிங்கை ஆக்சிலுக்குக் கீழிருந்து மேலே மாற்றுவது இன்னொரு வழி. ஆக்சில் குழாயின் தடிமனும் ஸ்பிரிங் அடுக்கின் தடிமனும் சேர்ந்து, இந்தச் சின்ன வண்டியில் ஏறக்குறைய 130 மி.மீ. ஒரேயடியாகக் கிடைக்கும். வெல்டிங் பட்டறையில் ஒரு நாளில் செய்துவிடுவார்கள் என்பதுதான் இதன் கவர்ச்சி. பிறகு வருபவை: ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் செங்குத்தாகச் சாய்ந்து, மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். ஷாஃப்ட்டின் கிராஸ் கோணம் கூடி அதிரும், முழுதாகத் தொங்கும்போது ஷாஃப்ட்டை நீண்டு சுருங்க விடும் ஸ்லிப் ஜாயின்ட் கழன்று வர வாய்ப்புண்டு. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பிரிங் எஸ் வடிவில் முறுகி, வண்டி குதிரை போலத் துள்ளும். இவற்றை எல்லாம் சரிசெய்யத் தயாராக இல்லாதவர் இந்தப் பக்கம் போகக் கூடாது.

லிஃப்ட் செய்தவர்கள் மறக்கும் ஒன்று, பின் ஆக்சிலில் சில வண்டிகளுக்கு இருக்கும் சுமை உணரும் பிரேக் வால்வு. பின்னால் பாரம் ஏறி வண்டி அமுங்கும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. லிஃப்ட் செய்ததும் வண்டி காலியாக இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் ஏறக்குறைய பிடிக்காது. அதன் லிங்க்கை லிஃப்ட் அளவுக்கு நீட்ட வேண்டும்.

ஷாக் அப்ஸார்பரைக் கண்ணளவில் வாங்காதீர்கள். ஒரு சக்கரத்தைத் தூக்கி, ஆக்சிலை மேலே தடுக்கும் பம்ப் ஸ்டாப் முட்டும் நிலையில் ஷாக் மாட்டும் இரண்டு துளைகளுக்கு நடுவே அளந்து, அதே சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையிலும் அளந்துகொள்ளுங்கள். பம்ப் ஸ்டாப் முட்டும்போது ஷாக்கில் இன்னும் 15 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியின் எடையை ஷாக் தாங்கி, அதன் மவுண்ட் பிய்யும். யு-போல்ட்டைக் கழற்றினால் பழையதை மறுபடி போடாதீர்கள், ஒருமுறை நீண்ட மரை திரும்ப அதே பிடிப்பில் நிற்காது. புதியதை முறுக்கி, முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குங்கள்.

ஊர வைக்கும் கியர்

முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, ஆக்சில் மூன்றின் விகிதத்தையும் பெருக்கினால் வண்டி எவ்வளவு மெதுவாக ஊரும் என்று தெரியும். சாமுராயில் 3.652 × 2.268 × 3.727, சுமார் 31. இன்ஜின் 800 ஆர்பிஎம்-ல் ஐட்லிங்கில் ஓட, 733 மி.மீ. டயரோடு மணிக்கு 3.6 கி.மீ. பாறையில் அது வேகம் அதிகம். கிளட்சை மிதித்து மிதித்து ஏற வேண்டியிருக்கும், கிளட்ச் பொசுங்கும். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கிடைக்கும் 4.16 லோ கியர் செட்டைப் போட்டால் பெருக்கல் 56-ஐத் தாண்டும், வேகம் 2 கி.மீ.க்குக் கீழே இறங்கும். கால் இரண்டையும் தரையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தானாக ஏறவிடலாம். இதே அமைப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக மூன்று ரப்பர் மவுண்ட்டில் தொங்குகிறது. கியரைக் குறைத்ததும் அந்த மவுண்ட்டுகளின் மேல் வரும் முறுக்கு கூடும், ரப்பரையும் அதைத் தாங்கும் இரும்புக் கையையும் சேர்த்தே பலப்படுத்துங்கள்.

லாக்கருக்கு முன் ஒரு பழக்கம். குறுக்கு மூலைச் சக்கரங்கள் சும்மா சுழலும்போது இடது காலால் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கொடுங்கள். சுழலும் சக்கரம் பிடிபட்டு, பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கொஞ்சம் விசை போகும். இது போதாதபோது, டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர்களுக்குப் பதிலாக உள்ளே பொருத்தும் தானியங்கி லாக்கரைப் பின் ஆக்சிலில் போடலாம். டிஃப்ரன்ஷியலை வெல்டிங் வைத்து ஒட்டிவிடும் யோசனையும் வரும். அது காட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கு. சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கதறும், ஆக்சில் ஷாஃப்ட் ஒருநாள் முறியும்.

இழுக்கவும் தாங்கவும்

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேஸிஸில் உறுதியான கொக்கி வேண்டும். எம்12 அளவில் 8.8 அல்லது அதற்கு மேல் தரமுள்ள போல்ட் குறைந்தது இரண்டு, உள்ளே பின்தகடு. லாரியில் கட்டி ஏற்றுவதற்காகத் தொழிற்சாலையில் வைத்த மெல்லிய வளையத்தில், சிக்கிய வண்டியை இழுக்கும் ஸ்நாட்ச் பட்டையை மாட்டாதீர்கள். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டாகப் பறந்து எதிரிலுள்ள வண்டியின் கண்ணாடிக்குள் போகும். பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் ஷாக்கிளில் (ஸ்பிரிங் ஷேக்கிள் வேறு) 3.25 அல்லது 4.75 டன் என்று தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். பொறிக்காததை வாங்காதீர்கள்.

அடித்தகடு போடும்போது எடையைக் கணக்கிடுங்கள். 6 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ, 3 மி.மீ. என்றால் அதில் பாதி. டிஃப்ரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் 6 போதும், பெட்ரோல் டேங்குக்கு 3. சேறு வடிய ஓட்டைகள் விடுங்கள். சைலென்சர் பக்கத்தில் காய்ந்த புல் சேர்ந்து தீப்பிடிக்கும் பொந்து இல்லாதபடி பாருங்கள். கதவுக்குக் கீழே போடும் ஸ்லைடர் குழாய் சேஸிஸில் மாட்டப்பட வேண்டும். பாடியில் மாட்டினால் முதல் பாறையே பாடியை மடக்கிவிடும்.

தண்ணீர்

இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்னார்க்கல் குழாய் மட்டும் வாங்கி மாட்டினால் வேலை முடியாது. ஏர் ஃபில்டர் டப்பாவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை இருக்கும், அதையும் எல்லா இணைப்புகளையும் அடைக்க வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஸ்னார்க்கல் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். இரண்டு மூன்று வினாடியில் இன்ஜின் மூச்சுத் திணறி அணையப் பார்த்தால் இணைப்பு சரி. அணையாமல் ஓடினால் எங்கிருந்தோ காற்று புகுகிறது, அந்த வழியாகவே தண்ணீரும் புகும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும்.

ஆக்சில் மூச்சுவிடும் துளையான பிரீதரும் அதே அளவு முக்கியம். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் மூடியிருந்தாலோ தண்ணீருக்குள் இருந்தாலோ சீல் வழியாகவோ பிரீதர் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். 6 மி.மீ. உள்விட்டமுள்ள எண்ணெய் தாங்கும் ஹோஸை ஒவ்வொரு ஆக்சிலிலிருந்தும் இன்ஜின் அறையின் உயரமான இடம் வரை கொண்டுபோங்கள். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி அடைத்துவிடும். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போதும் இழுபடாத நீளம் வேண்டும்.

சேற்றுப் பயணம் முடிந்ததும் ரேடியேட்டரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் சேறு துடுப்புகளுக்குள் இன்னும் இறுகும். டிரம் பிரேக்கைக் கழற்றிக் கழுவுங்கள், யூஜே கிராஸ்களில் பழைய கிரீஸ் வெளியேறும் வரை புதிய கிரீஸ் அடியுங்கள். தண்ணீரைக் கடந்திருந்தால், வண்டியை ஓர் இரவு சும்மா நிறுத்திவிட்டு, காலையில் நகர்த்தாமலே டிஃப்ரன்ஷியலின் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயை விடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும். முதலில் சொட்டுவது எண்ணெய் என்றால் பிளக்கை முறுக்கிவிடலாம். தெளிந்த நீர் சொட்டினால் மொத்த எண்ணெயையும் வடித்து மாற்றிவிட்டு, ஆக்சில் சீலையும் பிரீதர் ஹோஸையும் சரிபார்த்த பிறகே அடுத்த பயணம்.